ஒரே சட்டியில் இரண்டு தேவை

(தோட்டப் பிள்ளை மடுவத்தில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாமல் போனவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தில் தருகிறோம்.)



கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அடுப்பு மூட்ட வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளைகளைக் கழுவித் துடைக்க வேண்டும் என்ற அவசரம் உங்கள் முகத்தில் தெரிகிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்குப் பேசப்போவது சமையலைப் பற்றி. 'சமைக்கவா எங்களுக்குச் சொல்லித்தர வந்தீங்க?' என்று முன்னால் இருக்கும் பாட்டி இப்பவே சிரிக்கிறார். இல்லை பாட்டி. உங்கள் கைப்பக்குவத்துக்கு முன்னால் நாங்கள் நிற்க முடியாது. எண்ணெயையும் தேங்காயையும் உப்பையும் எங்கே குறைக்க வேண்டும், எங்கே குறைக்கக் கூடாது, குறைத்த பிறகும் ருசி கெடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறோம்.

முதலில் எங்கள் தவறு

சில காலத்துக்கு முன் வேறொரு தோட்டத்தில் இதேபோல ஒரு கூட்டம் வைத்தோம். பிரசர், சீனி வருத்தம், மாரடைப்பு என்று படங்களைக் காட்டி, 'எண்ணெயைக் குறையுங்கள், தேங்காயைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள்' என்று சொல்லிவிட்டு வந்தோம். எல்லோரும் கை தட்டினார்கள். நாங்களும் நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி இருந்தார். கொழுந்து எடுப்பவர். கணவர் கவ்வாத்து வெட்டுபவர், வயது நாற்பத்தாறு, கொஞ்சம் பருத்த உடம்பு. ஒருநாள் மலையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். டிஸ்பென்சரியில் அளந்து பார்த்தால் பிரசர் ஏறியிருந்தது. வீட்டில் மாமியார், பள்ளிக்கூடம் போகும் மகள், ஒன்றரை வயது மகன். ஐந்து பேர், ஓர் அடுப்பு.

நாங்கள் சொன்னதை அவர் அப்படியே செய்தார். எண்ணெய்ப் போத்தலைத் தூக்கி மேலே வைத்தார். தேங்காய் வாங்குவதை நிறுத்தினார். பருப்பை வெறுமனே அவித்தார், கீரையை வெறுமனே அவித்தார். முதல் இரண்டு நாள் கணவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், 'இது என்னா, ஆஸ்பத்திரிச் சோறா?' என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ரோட்டுக் கடைக்குப் போய் வடையும் ரோல்சும் சாப்பிட்டு வந்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டில் குறைந்த எண்ணெய் கடையில் கூடியது. காசும் போனது.

அதைவிட மோசமானது இன்னொன்று. இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை நிறுக்கும் நாளில், சின்னவனின் நிறை ஏறவில்லை. கிளினிக் புத்தகத்தில் மேலே போய்க்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. குடும்பநல மாது விசாரித்தபோது அந்தத் தங்கச்சி அழுதுவிட்டார். 'மிஸ்மாரு சொன்ன மாதிரித்தானே செஞ்சேன். எல்லாருக்கும் ஒரே சட்டியிலதானே ஆக்குறோம். புள்ளைக்குத் தனியா ஆக்க நேரம் ஏது, வெறகு ஏது?' என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. பெரியவருக்குச் சொல்ல வேண்டியதை வீட்டுக்கே சொல்லிவிட்டு வந்தது எங்கள் தவறு. ஒரு லயத்துக் காம்பராவில் பிரசர் உள்ள தகப்பனும் இருக்கிறார், நிறை போதாத பிள்ளையும் இருக்கிறது. இருவருக்கும் ஒரே சட்டிதான். அந்த ஒரு சட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் எப்படிக் காப்பாற்றுவது? அந்தத் தங்கச்சியின் அடுப்படியிலேயே உட்கார்ந்து அவரிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறோம்.

கொழுப்பு எதிரி அல்ல, அளவுதான்

கொழுப்பு என்றாலே விஷம் என்று எண்ண வேண்டாம். உடம்புக்கு அது வேண்டும். கீரையிலும் கரட்டிலும் பூசணியிலும் உள்ள ஏ விற்றமின் உடம்பில் சேர்வதற்குக் கொஞ்சமாவது கொழுப்பு இருக்க வேண்டும். தாய்ப்பாலில் உள்ள சக்தியில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்துதான் கிடைக்கிறது. வயிறு சின்னதாக இருக்கும் குழந்தைக்கு, கொஞ்சச் சாப்பாட்டில் நிறையச் சக்தி வேண்டும் என்பதால் இயற்கை அப்படி வைத்திருக்கிறது. ஆகவே இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கொழுப்பைக் குறைக்கக் கூடாது. நிறை குறைந்த பிள்ளைக்கும், மெலிந்த கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் இது பொருந்தும்.

ஆனால் நாற்பது வயதைத் தாண்டியவருக்கு, பிரசரோ சீனி வருத்தமோ உள்ளவருக்கு, இடுப்புச் சுற்றளவு கூடிக்கொண்டு போகிறவருக்கு வேறு கணக்கு. ஒரு கிராம் மாச்சத்தோ புரதமோ 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஒரு மேசைக் கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. அதிலும் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. இந்த வகைக் கொழுப்பு அளவு மீறினால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்திரோல் கூடி இரத்தக் குழாய்கள் அடைபடும். ஒரு நாளில் சாப்பிடும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பாக இருக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது ஏறத்தாழ 22 கிராம். இரண்டு மேசைக் கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அந்த அளவு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சம்பல் இருக்கிறது, பால்கறி இருக்கிறது, வடை இருக்கிறது.

'நாங்க மலை ஏறி இறங்குறோம், கூடை சுமக்குறோம், எங்களுக்குச் சத்து வேணாமா?' என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். உழைக்கிற உடம்பைப் பட்டினி போடச் சொல்லவில்லை. சோறு, ரொட்டி, பருப்பு, கிழங்கு, மீன், முட்டை வயிறாரச் சாப்பிடுங்கள். பொரிக்கிற எண்ணெயிலிருந்து மட்டும் அந்தச் சத்தை எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

போத்தலில் ஒரு கோடு

எவ்வளவு எண்ணெய் பாவிக்கிறோம் என்று கேட்டால், 'கொஞ்சந்தான் மிஸ்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தங்கச்சியும் அப்படித்தான் சொன்னார். ஆகவே ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். எண்ணெய்ப் போத்தல் வாங்கிய அன்று அதில் திகதியை எழுதி வையுங்கள். முடிந்த அன்று கலண்டரைப் பாருங்கள்.

750 மில்லிலீற்றர் போத்தலில் 150 தேக்கரண்டி எண்ணெய் இருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டு தேக்கரண்டி என்று வைத்தால் ஒரு நாளைக்குப் பத்து. அப்படியானால் ஒரு போத்தல் 15 நாள் வர வேண்டும். தேங்காயும் பாவிக்கும் வீட்டுக்கு இது நல்ல அளவு. போத்தலைச் சரிபாதியில் பேனையால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் முடிவதற்கு முன் எண்ணெய் கோட்டுக்குக் கீழே போனால், கை தாராளமாகிவிட்டது என்று அர்த்தம். போத்தலைச் சரித்து ஊற்றும் பழக்கத்தை விட்டு, ஒரு தேக்கரண்டியைப் போத்தலுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்க விடுங்கள். அந்தத் தங்கச்சியின் வீட்டில் ஏழு நாளில் முடிந்த போத்தல், கரண்டி வந்த பிறகு பதின்மூன்று நாள் வந்தது. வேறு எதையும் அவர் மாற்றவில்லை.

முதற்பால் தம்ளரில்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. பிழியும்போது அதில் பெரும்பகுதி முதற்பாலோடு வந்துவிடும். இரண்டாம் பாலில் மணம் இருக்கும், கொழுப்பு குறைவு.

ஆகவே பாதித் தேங்காயைத் துருவிப் பிழியும்போது, முதற்பாலைச் சட்டியில் ஊற்றாமல் ஒரு தம்ளரில் தனியே எடுத்து வையுங்கள். கறியை இரண்டாம் பாலில் வேக விடுங்கள். கறி வெந்து இறக்கும் நேரத்தில், பிரசர் உள்ளவருக்கும் வயதானவருக்கும் வேண்டியதை முதலில் ஒரு கோப்பையில் எடுத்துவிடுங்கள். பிறகு தம்ளரில் உள்ள முதற்பாலைச் சட்டியில் மிச்சமிருக்கும் கறியில் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். இது பிள்ளைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும்.

ஒரே அடுப்பு, ஒரே விறகு, ஒரே சட்டி. கூடச் செலவாகும் நேரம் இரண்டு நிமிடம். தகப்பனின் கோப்பையில் கொழுப்பு குறைந்தது, பிள்ளையின் கோப்பையில் குறையவில்லை. தேங்காய் இல்லாத நாளில், பிள்ளையின் சோற்றையும் பருப்பையும் பிசையும்போது ஒரு தேக்கரண்டி எண்ணெயை அந்தக் கோப்பையில் மட்டும் விடுங்கள். அதிலே ஏறத்தாழ 40 கலோரி பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

பிள்ளைக்கு உறைப்பு ஆகாது என்றால், மிளகாய்த் தூள் போடுவதற்கு முன்பே அவித்த பருப்பிலும் கிழங்கிலும் பிள்ளையின் பங்கை எடுத்து வைத்து, முதற்பாலில் கொஞ்சத்தை அதில் விட்டுக் கொதிக்க வைத்துக்கொள்ளலாம்.

ருசி எங்கே இருக்கிறது?

எண்ணெய் குறைந்தால் ருசி போய்விடும் என்பது பாதி உண்மைதான். ருசியைக் கொண்டுவருவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வறுத்து இடித்த கறித்தூள், பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ரம்பை, மிளகு, சீரகம், புளி, தேசிக்காய். இவற்றை எண்ணெய் விடாத தாச்சியில் வாட்டி எடுத்தாலே மணம் அடுத்த காம்பராவுக்குப் போகும். அந்தத் தங்கச்சியின் வீட்டில் தட்டைத் தள்ளிய கணவர் எண்ணெயைத் தேடவில்லை. தாளித்த மணத்தையும் புளிப்பையும் உறைப்பையும் தேடினார். நாங்கள் அதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம்.

அவருடைய அடுப்பில் தேறிய நான்கு சமையலை இங்கே சொல்கிறோம். எல்லாம் ஐந்து பேருக்கான அளவு.

பருப்பு: மைசூர்ப் பருப்பு 250 கிராம். கழுவி, மஞ்சள், நான்கு பல் பூண்டு, கீறிய பச்சை மிளகாய் போட்டு மூடி வைத்து அவியுங்கள். மூடினால் விறகும் மிச்சம். வெந்ததும் இரண்டாம் பால் ஒரு தம்ளர் விட்டு ஒரு கொதி. பிறகு தாச்சியை முதலில் நன்றாகச் சூடாக்கி, அதற்குப் பிறகு எண்ணெய் இரண்டு தேக்கரண்டி மட்டும் விடுங்கள். சூடான தாச்சியில் எண்ணெய் மெல்லிசாகப் பரவும், கொஞ்சமே போதும். கடுகு வெடித்ததும் செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம். வெங்காயம் அடிப்பிடித்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், ஒரு கரண்டி தண்ணீர் தெளியுங்கள். பருப்பில் கொட்டி உடனே மூடிவிடுங்கள். மணம் உள்ளேயே நிற்கும். கடைசியில் பாதித் தேசிக்காய். 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. இறைச்சி வாங்க முடியாத வாரத்தில் நம்மைத் தாங்குவது இதுதான்.

நெத்தலிக் கருவாடு: பொரிக்காமல் செய்வது. நெத்தலியைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கழுவுங்கள். உப்பில் ஒரு பகுதி அதோடு போய்விடும். வெறும் தாச்சியில் ஈரம் வற்றி வாசம் வரும்வரை வறுத்து எடுத்து வையுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், தக்காளி மூன்று, வறுத்த கறித்தூள் சேர்த்துக் குழைய வதக்கி, புளிக் கரைசல் விட்டு, கொதிக்கும்போது நெத்தலியைப் போட்டுச் சுண்ட விடுங்கள். உப்புப் போட வேண்டாம். முள்ளோடு சாப்பிடும் மீன் என்பதால் எலும்புக்கு வேண்டிய கல்சியமும் கிடைக்கும். சின்னப் பிள்ளைக்கு நன்றாக மசித்துக் கொடுங்கள்.

கீரைச் சுண்டல்: பொன்னாங்காணியோ முருங்கைக் கீரையோ முளைக்கீரையோ, எது கிடைத்தாலும் சரி. முதலில் கழுவி, பிறகு பொடியாக அரியுங்கள். அரிந்த பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, கழுவிய ஈரத்திலேயே மூடாமல் நாலைந்து நிமிடம் கிளறுங்கள். எண்ணெய் தேவையில்லை. இறக்கிய பிறகு இரண்டு மேசைக் கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு பிடி இடித்த மிளகு, தேசிப்புளி. கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தத் தேசிப்புளி துணை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. தேயிலை மலையில் களைநாசினியோ பூச்சிமருந்தோ அடித்த இடத்தில் முளைத்த கீரையைப் பறிக்க வேண்டாம். பச்சையாக, அழகாக இருக்கும். கழுவினாலும் நம்ப முடியாது. வீட்டுப் பக்கத்தில் மருந்து படாத இடத்தில், ஒரு பழைய உரப்பையில் மண் நிரப்பி வளர்த்தாலும் போதும். அந்தப் பையையும் முதலில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

ரொட்டி: மலைக்குக் கொண்டுபோகிற ரொட்டியை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அதை மாற்றிச் சுடலாம். மாவில் மாஜரினும் எண்ணெயும் ஊற்றிப் பிசையாமல், ராத்திரி மிஞ்சிய பருப்பைச் சூடாக்கி ஆறவைத்து, அந்தப் பருப்பாலேயே மாவைப் பிசையுங்கள். ரொட்டி மெத்தென்று வரும். கோதுமை மாவு மூன்று பங்குக்குக் குரக்கன் மாவு ஒரு பங்கு சேர்த்தால் நார்ச்சத்தும் கூடும். பொடியாக அரிந்த கீரையையும் வெங்காயத்தையும் மாவிலேயே பிசையலாம். காய்ந்த கல்லில் எண்ணெய் தடவாமல் இரண்டு பக்கமும் சுட்டு, துணியில் சுற்றி வைத்தால் பகல் சாப்பாட்டு நேரம்வரை காயாது. இதற்குச் சம்பல் கொஞ்சம் போதும்.

சம்பள நாளில் கோழி எடுப்பவர்கள் தோலை உரித்துவிட்டுச் சமையுங்கள். கொழுப்பில் பெரும்பங்கு தோலிலும் அதற்கு அடியிலும்தான் இருக்கிறது. சோயா மீற்றைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பொரிக்காமல் நேரே குழம்பில் போடுங்கள். பொரித்தால் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்துவிடும். பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பாவிக்க வேண்டாம். கடை வடைக்கு எத்தனையாவது முறை காய்ந்த எண்ணெய் என்று யாருக்குத் தெரியும்?

உப்பும் தேத்தண்ணியும்

பிரசருக்கு எண்ணெயைவிட நேரான காரணம் உப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தட்டைத் தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஐந்து பேரும் பெரியவர்கள் என்று வைத்தால்கூட 400 கிராம் பக்கெட் ஒன்று 16 நாள் வர வேண்டும். கருவாட்டிலும் டின் மீனிலும் சூப் கட்டியிலும் பிஸ்கட்டிலும் மிக்சரிலும் வேறு உப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவாகத்தான் வேண்டும். ஆகவே உங்கள் பக்கெட் மூன்று வாரத்துக்கு மேல் வந்தால்தான் சரி. உப்பைக் குறைப்பது வீட்டில் எல்லோருக்கும் நல்லது. இதில் இரண்டு கோப்பை தேவையில்லை. ஒரேயடியாகக் குறைக்காமல் வாரத்துக்கு ஒரு சிட்டிகை வீதம் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

தேத்தண்ணியைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். உலகத்துக்கே கொழுந்து எடுத்துக் கொடுப்பவர்கள் நீங்கள். ஆனாலும் ஒரு வார்த்தை. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கும். இரத்தம் குறைந்த தாய்மார்களும் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரும்புச்சத்துக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம், தண்ணீரோடு எடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தரம், தரத்துக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி ஆகிவிடும். அதைப் பாதியாக்கப் பாருங்கள்.

கடைசியாகச் சாப்பிடுகிறவர்

அந்த அடுப்படியில் நாங்கள் கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலில் கணவருக்கு, பிறகு மாமியாருக்கு, பிறகு பிள்ளைகளுக்கு என்று போட்டுவிட்டு, அந்தத் தங்கச்சி கடைசியில் உட்கார்ந்தார். சட்டியில் குழம்புதான் மிச்சம். பருப்பு இல்லை, மீன் இல்லை. ரொட்டியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டு எழுந்தார். 'எனக்கு இது போதும் மிஸ்' என்றார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல என்பது இங்கே தலையைக் குனிந்து சிரிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளனே எழும்பி ரொட்டி சுட்டு, பகல் முழுக்க மலையில் நின்று, அந்திக்கு மறுபடி அடுப்பில் நிற்கிறவருக்கு வெறுங்குழம்பு போதாது. பரிமாறத் தொடங்கும்போதே உங்கள் கோப்பையையும் வரிசையில் வையுங்கள். ஐந்து பேர் என்றால் ஐந்து கோப்பை. முட்டை இரண்டுதான் இருந்தால், நிறை குறைந்த பிள்ளைக்கு ஒன்று, கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ இருந்தால் அவருக்கு ஒன்று. திரிபோஷ கிடைக்கும் வீடுகளில் அதைத் தேத்தண்ணிக்குப் பலகாரமாக எல்லோருக்கும் பங்கு வைக்காதீர்கள். யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவருக்கே சேர வேண்டும்.

கதவோரம் நிற்கும் அண்ணன்மார்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தேங்காய் துருவுவதிலும் பால் பிழிவதிலும் வெட்கம் ஒன்றும் இல்லை. இரண்டு கை கூடினால் இரண்டு கோப்பைச் சமையல் பாரமாக இருக்காது. சமைத்தது ருசியாக இருந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். இல்லையென்றால் என்ன குறை என்று சொல்லுங்கள். தட்டைத் தள்ளிவிட்டுக் கடைக்குப் போவது மட்டும் வேண்டாம்.

விலையை மறந்து பேசவில்லை

'சத்தாகச் சாப்பிடுங்கள்' என்று மேடையில் சொல்வது லேசு. 2022ஆம் ஆண்டு நாட்டில் நெருக்கடி வந்து கோதுமை மாவும் அரிசியும் பருப்பும் விலை ஏறியபோது, எத்தனை வீடுகளில் மூன்று வேளை இரண்டு வேளையானது என்பதை நாம் மறக்கவில்லை. அதனால்தான் விலை கூடிய சாமான் ஒன்றையும் நாங்கள் இன்று சொல்லவில்லை. எண்ணெயிலும் கடை வடையிலும் பைட்டிலும் மிச்சமாகும் காசில் பருப்பும் முட்டையும் நெத்தலியும் வாங்கலாம் என்பதுதான் கணக்கு. கூட வாங்க முடியாத வாரத்திலும், இருப்பதை யாருடைய கோப்பையில் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

முடிப்பதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வருவோம். முதற்பாலைத் தனியே எடுக்கத் தொடங்கி மூன்றாவது நிறுவையில், சின்னவனின் கோடு மறுபடி மேலே திரும்பியது. கணவர் இன்றும் பிரசர் குளிசை எடுக்கிறார், எடுக்கத்தான் வேண்டும். சாப்பாட்டைச் சரிசெய்தோம் என்பதற்காக யாரும் குளிசையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கடைப்பக்கம் போவது அடியோடு நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. போனமுறை நாங்கள் போனபோது அவர்தான் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டு, 'பாலு பிழியிறதுல நான் இப்ப கெட்டிக்காரன்' என்றார்.

உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறோம். இன்றைக்கு அந்திக்கே எண்ணெய்ப் போத்தலில் கோடு போடுங்கள். நாளைக்குத் தேங்காய் பிழிந்தால் முதற்பாலைத் தம்ளரில் எடுத்து வையுங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாலும், அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் பிரசரையும் சீனியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு இல்லை.

அடுத்த மாதம் இதே மடுவத்தில் சந்திப்போம். அப்போது உங்கள் போத்தல் எத்தனை நாள் வந்தது என்று நாங்கள் கேட்போம். 'நீங்க சொன்னது சரி வரலை மிஸ்' என்றாலும் தயங்காமல் வந்து சொல்லுங்கள். அப்படிச் சொன்ன ஒரு தங்கச்சியால்தான் இன்று இவ்வளவும் பேச முடிந்தது.